ஒரே முறை ஒலித்த சங்கு

வாயில் காத்த வள்ளலே, நேரம் தவறா நெஞ்சினரே, முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் தையலகத்தின் கதவையும் பொழுதையும் ஒருங்கே காத்த பெருந்தகையே, எங்கள் அன்பிற்குரிய சங்கு அண்ணனே, வணக்கம்!

இம்மடலை நால்வர் கூடி எழுதினோம். உங்கள் பெருமைகளில் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்று நால்வருக்கும் குழப்பம். நண்பகல் சாப்பாட்டுக்கு ஒரு சங்கு, ஆபத்தென்றால் தொடர்ந்து மூன்று; நீங்கள் ஊதினால் தெருவே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் என்று அழகாகத்தான் தொடங்கினோம். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளத்தை எட்டியதும் பேனா நின்றுவிட்டது.

அன்று ஆற்றுக் கரை உடைந்து தண்ணீர் தெருமுனைக்கு வந்ததை முதலில் கண்டவர் நீங்கள். ஓடிப்போய் மின்சாரச் சங்கை ஊதினீர்கள். முதல் ஊதல் முடிவதற்குள் மின்சாரம் போயிற்று. நாங்களோ, "அண்ணனுக்கு இன்னிக்கு நமக்கு முன்னாடியே பசிச்சிடுச்சு போல" என்று சிரித்தபடி சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தோம். அவை சற்று நேரத்தில் மிதந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் கூடம் கூடமாக வந்து, கத்திக் கத்தி எங்களை மாடிக்கு ஏற்றினீர்கள். பாக்கிங் பிரிவு அக்கா மட்டும் சிக்கிக்கொண்டு, நான்கு மணி நேரம் அலமாரி மேல் இருந்தார். எல்லோரும் பிழைத்தோம். ஆனால் அக்கா அதன்பின் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார்.

தையலகம் மறுபடி திறந்த அன்று, பன்னிரண்டரைச் சங்கு ஒலித்ததும் அத்தனை பேரும் மாடிக்கு ஓடினோம். பாதிப் படியில் நின்று, எதற்கு ஓடுகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டோம். கீழே நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றீர்கள். மறுநாளிலிருந்து நண்பகல் சங்கு இல்லை. ஒன்பது கூடங்களுக்கும் நடந்தே வந்து, "சாப்பாட்டு நேரம்மா. சாப்பாடு மட்டும்தான், வேற ஒண்ணும் இல்ல" என்று சொன்னீர்கள். ஆறு ஆண்டுகள், அந்த மூட்டுவலியோடு.

"மூணு தடவை ஊதியிருக்கணும்" என்று போன வாரம்கூடச் சொன்னீர்கள். மின்சாரம் இல்லாமல் எப்படி அண்ணா ஊதுவது? ஒரு ஊதலைச் சாப்பாடு என்று நினைத்த எங்கள் பிழையா, ஆற்றின் பிழையா, எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. உங்கள் பிழை இல்லை என்பதில் மட்டும் குழப்பமே இல்லை.

இன்றோடு பணி ஓய்வு பெறுகிறீர்கள்; நாளை முதல் எங்கள் வாசலில் வந்து சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். இம்மடலை வாசித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டரை ஆகும். உங்கள் கையால் அந்தச் சங்கை ஒரு முறை ஊதுங்கள். ஓடுவோமா, உட்காருவோமா என்று எங்களுக்கே தெரியவில்லை. ஓடினால் இறங்கி வந்து சாப்பிடுகிறோம். அதுவரை கீழேயே இருங்கள்.

மூட்டுவலி நீங்கி, மனபாரம் இறங்கி, வேளைக்கு உண்டு, நிம்மதியாக உறங்கி, நூறாண்டு நலமோடு வாழ்க!

பாக்கிங் அக்கா டப்பாவைத் திறந்து வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊதுங்கள், அண்ணா.

என்றும் நன்றியுடன்,
ஒன்பது கூடங்களின் பணியாளர்கள்