"போட்டேனா மாப்ள?"

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது ஐயா. கடித்துவிடும். நான் சிரித்துச் சிரித்துப் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் தலைகால் புரியவில்லை. எவ்வளவு பெரிய மருத்துவ நிறுவனம். வாசல் கதவு நாம் கிட்டே போனதும் தானாகத் திறந்து வழிவிடுகிறது.

அதுவரை நான் வேலையில்லாத வீட்டோடு மாப்பிள்ளை. சோறு போடும்போதே மாமியார் முணுமுணுப்பார். மாமனார் மட்டும், "சும்மா இருடி, நம்ம மாப்ள ஒருநாள் ஜம்முனு வேலைக்குப் போவாரு" என்பார். தங்கமான மனிதர். அவருக்கு இதய மாத்திரையும் உண்டு, மறதியும் உண்டு. காலையில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே, "போட்டேனா மாப்ள?" என்று என்னைக் கேட்பார். அதைப் பார்த்துத்தான் நினைவூட்டும் செயலி ஒன்றை எழுதினேன். மாத்திரை போட்டாயிற்று என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால், அது மறுபடி போடச் சொல்லாது.

முதல் சுற்றில் அதைக் காட்டினேன். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த மேடம், "நல்லாத்தான் இருக்கு. வீட்ல இருக்கறவங்களே தப்பா சொல்லிட்டா? அத சோதிச்சுப் பாத்தீங்களா?" என்றார். "இல்ல மேடம்" என்றேன். "பாத்துட்டு அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரம் வா என்றால் பாதி வேலை கிடைத்த மாதிரிதானே? விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சோதித்தேன். மறுநாள் மாமனார் மாத்திரை போட்டுவிட்டு வழக்கம்போல் கேட்டார். "இன்னும் இல்ல மாமா" என்றேன். இன்னொன்று போட்டுக்கொண்டார். கொஞ்சம் கிறுகிறுப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் ஒரு தடவை நடந்ததை நம்ப மாட்டார்கள். திரும்பச் செய்தாலும் வர வேண்டும். திரும்பச் செய்தேன். அன்றைக்குப் பேச்சும் குழறியது.

மூன்றாம் தடவை அவருக்கே சந்தேகம். "போட்ட ஞாபகமா இருக்கே?"

"அது நேத்து மாமா."

"அட ஆமால்ல. நீங்க இல்லன்னா என் கதி என்ன ஆகறது" என்று சிரித்துவிட்டு, நான் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் விழுங்கினார்.

மத்தியானம் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மனைவியைக் கூப்பிடும் முன் அவர் நாடியை எண்ணி மனத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு அழுதேன் ஐயா, தேம்பித் தேம்பி அழுதேன். மாமியார்தான் என்னைத் தேற்றினார்.

இரண்டாம் சுற்றில், கிறுகிறுப்பிலிருந்து நாடிக் கணக்கு வரை எல்லா அறிகுறிகளையும் கடகடவென்று ஒப்பித்தேன். தீர்வும் சொன்னேன்: ஒரு தடவை மாத்திரை எடுத்ததும் செயலியே டப்பாவைப் பூட்டிவிடும், யார் என்ன சொன்னாலும் அன்றைக்கு அது மறுபடி திறக்காது. "இவ்ளோ நுணுக்கமா எப்படித் தெரியும்?" என்றார் மேடம். "வீட்ல ஒரு பெரியவர் இருந்தாரு மேடம்." மூன்று பேரும் எழுந்து கைகொடுத்தார்கள். எனக்குக் கால் தரையிலேயே இல்லை.

உங்கள் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்தது அந்த மேடம்தானாம். இருக்கட்டும். அப்படிக் கவனமான ஒருவரின் கீழ் வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் முடித்துவிடலாம் அல்லவா?

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். முதல் இரண்டு தடவை தெரியாது. மூன்றாம் தடவை தெரியும். ஆனால் இனி எந்த வீட்டிலும் ஒரு பெரியவர் இப்படிப் போக மாட்டார், அதை யோசித்துப் பாருங்கள். பாவம், மாமாவுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு வேலை கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லிக் குதித்திருப்பார்.