பெரட்டில் விடுபட்ட பெயர்

பலகைக்குக் காற்றடிக்கும்போது முதல் ஐந்து நிமிடம் பம்பில் உள்ள முள் அசையவே அசையாது. புதிதாக வருகிறவர்கள் பம்பு கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். கெட்டுப்போகவில்லை. பலகை முதலில் காற்றால் நிரம்ப வேண்டும், அதன் பிறகுதான் அழுத்தம் ஏறும். பதினைந்தைத் தொடும்வரை கை ஓயக் கூடாது. பத்தில் நிறுத்தினால் பலகை நடுவில் தொய்ந்து, ஏறி நிற்கிறவர் விழுவார். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க சி ரூசா கடற்கரையில் என்னை விட்டால் ஆளில்லை. இன்ஸ்பெக்டர் ஷங்கர், நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

என் பெயர் பஞ்சாலை. வயது நாற்பத்தெட்டு. இன்னும் எஸ்டேட் வீட்டில்தான் இருக்கிறேன். கடலுக்கு மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். நின்றபடி துடுப்புப் போடும் இந்தப் பேடல்போர்டை ஆறு வருடமாக வாடகைக்குக் கொடுக்கிறேன், வகுப்பும் எடுக்கிறேன். தொடங்கியபோது என்னிடம் நான்கு பலகைகள். மீன் பிடிக்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு பெருந்தொற்று முடிந்து ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள் பாருங்கள், அதிலிருந்து சனி ஞாயிறு என்றால் கரையில் கால் வைக்க இடமில்லை. நீலாயிலிருந்து காலேஜ் பிள்ளைகள், ராசா ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக, கம்பெனி ஆட்கள் ஒரே கலர் சட்டையில். இன்று என்னிடம் முப்பது பலகைகள். ஒன்றுகூட ஒட்டுப்போட்டதில்லை.

நான் தொடங்கியபோது எங்கள் கரையில் விதி என்று எழுதிப்போட்டவர் யாருமில்லை. நான்தான் எழுதினேன். உயிர்காப்புச் சட்டை போடாமல் பலகையைத் தொடக் கூடாது. கழுத்தில் விசில் தொங்க வேண்டும். பலகையையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டும் கயிறு, லீஷ், அது இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. விழுந்தால் மனிதன் ஓரிடம், பலகை ஓரிடம் என்று காற்று பிரித்துவிடும். ஆரஞ்சு மிதவையைத் தாண்டக் கூடாது. காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். தண்ணீர் கண்ணாடிபோல அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் போவது சுலபம், வருவது கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேலே பெரட்டு. எஸ்டேட்டில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீங்கள் டவுனில் வளர்ந்தவர் என்பதால் சொல்கிறேன். என் அப்பா அர்ச்சுனன் மண்டோராக, தோட்டத்து ஆட்களுக்குக் கங்காணியாக, இருந்தார். விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. ஒழுங்கு மீறியவர்களுக்கு அவர் ஏச்சோ அடியோ கொடுத்ததில்லை. மறுநாள் பெயரை விட்டுவிடுவார். ஆள் வரிசையில் நிற்கும், மூச்சு விடும், ஆனால் பெயர் வராது. அன்றைக்கு அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். ரப்பர் பால்மரம் வெட்டிய மயிலம்மாளுக்கு ஒரு தடவை மூன்று நாள் தொடர்ந்து பெயரை விட்டார். நான்காம் நாள் எல்லோருக்கும் முதலில் வந்து நின்றாள். அவள் அழுததைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை என்பதைத்தான் நான் பேசுவேன்.

கடலில் இறங்குமுன் ஒரு பெரட்டு, கரையேறியதும் ஒரு பெரட்டு. ஆறு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. பெரட்டு முடிந்தது என்று நான் சொன்னால், எல்லோரும் பத்திரமாகக் கரையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒருவரும் கடலைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

வசந்தன் மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தொன்பது வயது. நல்ல நீச்சல்காரன், சிரித்த முகம், பிள்ளைகள் அவனிடம் ஒட்டிக்கொள்ளும். நான் குறை சொல்ல மாட்டேன், கூட்டம் சேர்ந்ததில் பாதி அவன் போட்ட வீடியோக்களால்தான். ஆனால் அந்த வீடியோக்களில் அவன் ஒன்றில்கூட லீஷ் கட்டியதில்லை.

"கால்ல நாய்ச் சங்கிலி மாதிரி தெரியுதுக்கா. போட்டோவுல அசிங்கமா இருக்கு லா."

"கடலுக்குப் போட்டோ தெரியாது தம்பி."

"ரிலேக்ஸ் லா அக்கா. நான் நீந்திட மாட்டேனா?"

அவனைப் பார்த்து வாடிக்கையாளர்களும் கழற்ற ஆரம்பித்தார்கள். பலகை வாடகைக்கு விடும் மற்ற கடைக்காரர்கள் உயிர்காப்புச் சட்டையே இல்லாமல் பலகையைக் கொடுத்தார்கள். இரண்டு தடவை நானே போய் அடுத்தவன் வாடிக்கையாளரை இழுத்து வந்திருக்கிறேன். நன்றி சொன்னவர் ஒருவருமில்லை. இப்படியே போனால் ஒரு நாள் ஒரு குழந்தை போகும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்காவது ஒரு தடவை பயம் காட்டினால்தான் கரை முழுவதும் திருந்தும் என்பது என் முடிவு. அது கெட்ட எண்ணமா? உங்கள் டிராபிக் போலீஸ் நசுங்கிய காரை ரோட்டோரத்தில் வைத்துக் காட்டுவது எதற்காக?

சம்பவத்துக்கு முந்தைய வாரம் அவன் இன்னொரு வீடியோ போட்டான். தலையில் ஓலைத் தொப்பி, கையில் துடுப்பைத் தடிபோலப் பிடித்துக்கொண்டு, என் நடையை நடந்து காட்டுகிறான். "வரிசையில நில்லு! பேரு கூப்பிட்டா உள்ளேன்னு சொல்லு, இல்லாட்டி இன்னிக்குச் சம்பளம் இல்ல." பின்னால் என் மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். என் அக்கா மகள்கூட எனக்கே அனுப்பினாள். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வசந்தன் கூட்டிக்கொண்டு போனான். நான் கரையில் நின்றேன். ஒன்பது மணிக்குக் காற்று கூடியது. இந்துமதி என்ற பெண் தடுமாறி விழுந்து துடுப்பைத் தவறவிட்டாள். வசந்தன் தன் துடுப்பை அவளிடம் கொடுத்து எல்லோரையும் கரைக்கு அனுப்பிவிட்டு, பலகையில் படுத்துக் கையால் தள்ளிக்கொண்டு, மிதந்துபோன துடுப்பைப் பிடிக்கப் போனான். மிதவையைத் தாண்டினான். துடுப்பு கிடைக்கவில்லை. திரும்பக் கையால் தள்ளினான், காற்று விடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். உதவி வேண்டும் என்பதற்கு நான் சொல்லிக்கொடுத்த சைகை அதுதான். சரியாகச் செய்தான்.

நான் பெரட்டு எடுத்தேன். பன்னிரண்டு பெயர்களைக் கூப்பிட்டேன். பதின்மூன்றாவது பெயரை விட்டேன்.

இந்துமதி மட்டும் கேட்டாள். "கோச், வசந்தன் சார் இன்னும் வரலியே? என் துடுப்ப எடுக்கத்தானே போனாரு."

"அந்தப் பக்கமா கரை ஏறிட்டாரு. நான் பார்த்தேன். நீங்க போயி குளிங்க. பெரட்டு முடிஞ்சிருச்சு."

அவள் போய்விட்டாள். பெரட்டு முடிந்தது என்றால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த நம்பிக்கையை ஆறு வருடமாகக் கட்டியவள் நான். அங்கே உட்கார்ந்திருந்த வசந்தனுக்கு நாங்கள் வரிசையில் நிற்பது தெரிந்திருக்கும். அவனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு மணி நேரம், அதிகமாகப் போனால் இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரம்தான் அவனை அங்கே விட்டுவைக்க நினைத்தேன். விசைப்படகுக்காரரைக் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வருவார். அவர் நம்பர் என் போனில் முதலாவதாக இருக்கிறது. பலகைகளைக் கழுவி நிழலில் அடுக்கினேன். கொட்டகையில் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தை நிறுத்திக் கவிழ்த்து வைத்தேன்.

பதினொரு மணிக்கு அவன் மனைவி திலகா வந்தாள். "அக்கா, அவரு போனே எடுக்க மாட்றாரு. கரைக்கு வந்துட்டாரா?"

"எப்பவோ வந்துட்டாரு. யாரோ கூட்டாளிங்க கார்ல டவுன் பக்கம் போனாங்க."

"பாருங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நாசி லெமாக் வாங்கியாந்தேன். சரி லா, அவரு பொட்டலத்த நீங்க சாப்புடுங்க."

சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோற்றோடு சம்பல் நன்றாக இருந்தது.

அப்போதாவது படகைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். கூப்பிட்டிருக்கலாம். பலகை அப்போதும் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. ஆனால் முடிந்த பெரட்டை மறுபடியும் திறந்தால், முதலில் விட்டது தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். நாளைக்கு என் பேச்சை யார் கேட்பார்கள்? பன்னிரண்டு மணிக்குப் புள்ளி தெரியவில்லை. தெரியாத ஒன்றை எங்கே என்று போய்த் தேடச் சொல்வது?

நண்பகலில் ஒரு மீன்பிடிப் படகு அவனைப் பார்த்திருக்கிறது. அவன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியிருக்கிறான். படகில் இருந்தவரும் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடலில் பலகையோடு ஓர் ஆளைப் பார்த்தால் இப்போதெல்லாம் யாருக்கும் வியப்பு இல்லை, அத்தனை பேர் வருகிறார்கள். மூன்று மணிக்குப் புயல் வந்தது. நான்கு மணிக்குத் திலகா உங்களிடம் வந்தாள். மறுநாள் காலை அவன் கிடைத்தான். அலையில் பலகை தலையில் அடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

இன்று சி ரூசாவுக்குப் போய்ப் பாருங்கள். சட்டை இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லை. எல்லோர் காலிலும் லீஷ். மற்ற கடைக்காரர்களும் இரண்டு தடவை பெயர் கூப்பிடுகிறார்கள், என் வார்த்தையையே சொல்லி, பெரட்டு என்று. வசந்தன் லீஷ் கட்டாததால்தான் போனான் என்று கரை முழுக்கப் பேச்சு. நான் மறுக்கவில்லை. அதனால் பிழைக்கப்போகும் குழந்தைகளை எண்ணிப் பார்க்க உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் என்னிடம் இந்தக் குரலில் பேச மாட்டீர்கள்.

இப்போது மேசைமேல் அவன் உடலின் புகைப்படத்தை வைக்கிறீர்கள். சட்டையின் மூன்று கொக்கிகளும் பூட்டியிருக்கின்றன. கழுத்தில் விசில். வலது கணுக்காலில் லீஷ், மேலே பட்டை இரண்டு சுற்று. இது யார் கட்டிய கட்டு என்று கேட்கிறீர்கள்.

நான் கட்டியது. அப்படி இரண்டு சுற்று சுற்றுவது நான் மட்டும்தான்.

அன்று காலை ஏழு மணிக்கு அவன் கொட்டகைக்கு வந்தான். "அக்கா, போன வாரம் செஞ்சது ரொம்பத் தப்பு. திலகாவும் ஏசிட்டா. வீடியோவ அழிச்சிட்டேன். இனிமே நீங்க சொல்றதுதான் ரூல்ஸ்" என்று சொல்லிக் காலை நீட்டினான். நான் குனிந்து கட்டிவிட்டேன். பரவாயில்லை தம்பி என்றும் சொன்னேன். கேலி செய்தது நாற்பதாயிரம் பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது கொட்டகைக்குள், பலகைகளுக்கு முன்னால். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. அவன் உயிரோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டே, மிதவை ஒன்றைத் தவிர எல்லா விதிகளையும் அவன் மதித்த நாளில், அவன் பெயரை விட்டேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்பதரை மணிக்கு அவன் பலகையை விட்டு நீந்தியிருந்தால் கரை சேர்ந்திருப்பான். அவ்வளவு நல்ல நீச்சல்காரன். பலகையை விடாதே, பெரட்டில் உன் பெயருக்குப் பதில் வராவிட்டால் நான் தேடி வருவேன் என்பது என் முதல் பாடம். மூன்று வருடமாகக் காதில் வாங்காதவன் அன்று ஒரு நாள் மட்டும் நான் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்தான். அதற்கும் நான்தான் பொறுப்பா?