அவனியாபுரத்தில் அனைவரும் நலம்

மதுரையிலேயே மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஒழுங்காகப் போட்ட ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை சார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டேன், "உன்னைப் பத்திச் சொல்லு" என்றீர்கள். என்னைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக எதுவும் இல்லை. பெயர் முத்துக்குமரன். வீடு கே.கே. நகர். இயற்பியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நையாண்டிப் பக்கம் என்னுடையது. கொரோனாவில் கல்லூரியை மூடியதும் சுவரும் போய்விட்டது.

மற்றவர்கள் மாஸ்க்கை எங்கெங்கே போட்டார்கள் என்று நான் கவனித்து வந்திருக்கிறேன். பெரும்பாலும் தாடையில். சிலர் ஒற்றைக் காதில், கம்மல் மாதிரி. காளவாசல் சிக்னலில் ஒருவர் மாஸ்க்கை இறக்கி, ரோட்டில் காறித் துப்பி, அதே மாஸ்க்கால் வாயைத் துடைத்து, மறுபடி ஏற்றிக்கொண்டார். சட்டத்தை மதிக்கிறவர். மளிகைக் கடை வாசலில் இருந்த சானிடைசர் பாட்டிலில் பாதி தண்ணீர், மீதி முந்தைய ஆளின் கையழுக்கு. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கும் முன்னால் அரசாங்கத்தின் கொரோனா எச்சரிக்கை, அதில் ஒரு இருமல். ஆன்லைன் வகுப்பில் பேராசிரியர் மைக்கை அணைக்காமல் மூக்குச் சிந்துவார். அறுபது வீடுகளில் அப்போது இட்லி நேரம். எனக்கு அந்த வருடம் முழுக்க வயிறு குமட்டிக்கொண்டே இருந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அலையில், காய்ச்சல் கணக்கெடுக்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். சான்றிதழ் தருவார்கள் என்றார்கள். அவனியாபுரத்தில் எனக்கு ஒரு தெரு, நூற்றுப் பன்னிரண்டு வீடு. காய்ச்சல் பார்க்க நெற்றியில் காட்டும் துப்பாக்கி ஒன்று, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் ஒன்று, ஒரு நோட்டு. காய்ச்சல் நூறைத் தாண்டினாலோ, ஆக்சிஜன் தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனாலோ சிவப்பு மையில் எழுதி டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். சிவப்பு வீட்டுக்கு மதியம் வேன் வரும். சோதனை எடுப்பார்கள், முடியாதவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். கூடவே ஆட்கள் வந்து, யாரும் வெளியே வராதபடி வாசலில் தகரம் அடிப்பார்கள். சிவப்பு இல்லையென்றால் வேனும் இல்லை, தகரமும் இல்லை. தகரத்துக்குப் பயந்து தெருவே பொய் சொன்னது.

நான் பத்து மணிக்கு வருவேன் என்று தெரிந்து ஒன்பதரைக்கே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். உள்ளறையில் யாரோ குடல் வெளியே வருகிற மாதிரி இருமுவார்கள். வாசலில் நிற்கிறவர், "அது டிவி தம்பி" என்பார். ஒரு வீட்டில் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே மாஸ்க், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கூப்பிட்டால் ஒவ்வொருவராக அதை மாட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டு, அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுப்பார்கள். உள்பக்கம் ஈரமாக இருக்கும். உயிரைவிடக் கௌரவம் பெரிதாகிப்போன ஜனங்கள். அவர்களைப் பற்றி எழுத நிறைய வைத்திருந்தேன்.

தெருக்கோடி வீடு காசிமாயனுடையது. லேத் பட்டறை வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். தினமும் தெருவுக்கே கேட்கும்படி என்னை வரவேற்பார்.

"ஏ, கனகு! மாப்ள துப்பாக்கியோட வந்துட்டாருடி. கைய மேல தூக்கிட்டு வா!"

"சார், மாஸ்க் போடுங்க."

"மாஸ்க்கப் போட்டா வெத்தல எப்படிய்யா போடுறது? அம்புட்டுப் பயமா இருந்தா நீ வீட்ல இருக்கணும் மாப்ள."

ஒரு சனிக்கிழமை இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவர் என் முகத்தில் தும்மினார். முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு போட்டிருந்தேன். அதில் வெற்றிலைச் சாறு சிவப்புப் பொட்டுப் பொட்டாக வழிந்தது. "நல்ல சகுனம்" என்று சொல்லிவிட்டு முதுகில் தட்டினார். வீட்டுக்குப் போய் மூன்று முறை குளித்தேன். சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து தெருவின் பாதிக்கு மேல் நான் போகவில்லை. நின்றுபோன ஒரு லோடு ஆட்டோவின் நிழலில் உட்கார்ந்து மீதி வீடுகளை எழுதினேன். கவனமாகத்தான் எழுதினேன் சார். சோம்பேறிகள் எல்லோருக்கும் 98.4 என்று போட்டு மாட்டிக்கொள்வார்கள். நான் ஒருவருக்கு 97.9, ஒருவருக்கு 98.6, வெயிலில் நின்று வேலை செய்கிறவருக்குக் கொஞ்சம் கூட. காசிமாயனுக்கு ஆக்சிஜன் 98. ஒருநாள் 99கூடக் கொடுத்தேன். எனக்கு அவர்மேல் வன்மம் இருந்திருந்தால் அப்படிக் கொடுத்திருப்பேனா?

ஒன்பதாவது நாள், திங்கட்கிழமை, அவர் மனைவி கனகலட்சுமி என்னைத் தேடி ஆட்டோ வரைக்கும் வந்துவிட்டார். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"தம்பி, ராத்திரி பூரா அவருக்கு மூச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சுய்யா. ஒரே ஒரு தடவ வந்து அந்தக் கிளிப்ப மாட்டிப் பாரு. செவப்பு மையில எழுதிரு. தகரம் அடிச்சா அடிக்கட்டும்."

"எழுதிடுறேன்க்கா. மதியம் வேன் வரும்."

"வீட்டுக்கு வரலியா?"

"இங்கருந்தே பதிஞ்சுருவேன். நீங்க போங்க."

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். அங்கேதான் சிக்கல். முந்தைய நாள்வரை நான் கொடுத்திருந்தது 98. இன்று திடீரென்று சிவப்பு மையில் எண்பதோ எழுபதோ போட்டால், டாக்டர் பின்னால் புரட்டிப் பார்ப்பார். ஒரே இரவில் ஒரு மனிதன் எப்படி இப்படி விழுவான் என்று கேட்பார். எனக்கே நம்பும்படியாக இல்லை. எதுவும் படிப்படியாக நடக்க வேண்டும். அதனால் திங்கள் 97 என்று எழுதினேன். செவ்வாய் 96. புதன் 95. வியாழக்கிழமை 93 போட்டு, சிவப்பு மையைத் தொட்டுவிடலாம் என்று திட்டம். மூன்றே நாள்தான் சார். நான் அவரைக் கைவிட்டுவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார்.

"வேன் வரலியேய்யா. எங்க அண்ணன் மகன் வண்டி வச்சிருக்கான். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

நாளைக்கு 95 இருக்கிற ஆள் இன்றைக்குப் பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் என் நோட்டு என்ன ஆவது?

"நீங்களா போனா வராண்டாவுலதான் கிடக்கணும்க்கா. வழியில போலீஸ் வேற நிப்பாங்க. உங்க பேரு லிஸ்ட்ல ஏறிருச்சு. வேனு வந்து ஆள் இல்லைன்னா பேர எடுத்துருவாங்க."

"அப்ப இருக்கச் சொல்றியா?"

"இருங்க. வந்துருவாங்க."

அவர் நான் சொன்னதை நம்பினார். கையில் நோட்டு வைத்திருக்கிறவன் சொன்னால் நம்புகிற ஊர் இது. என் கையைப் பிடிக்க வந்தவர், ஞாபகம் வந்து, தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் பக்கத்தில் வராதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் காசிமாயன் இறந்துவிட்டார். அந்தக் கோடிக்கு நான் போவதில்லை என்பதால் எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு அவருக்கு 95 போட்டேன். செத்து மூன்றரை மணி நேரம் ஆனவருக்கு 95 என்பது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் அதைப் பார்த்துத்தானே என்னை விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள்.

கனகலட்சுமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னீர்கள். அவர் சொல்வதெல்லாம் உண்மை. வேன் வரும் என்று சொன்னது நான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்தது நான். அந்த மூன்று நாளில் ஒருமுறையாவது அந்தக் கிளிப்பைக் காசிமாயன் விரலில் மாட்டியிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று கேட்டீர்கள். இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று நான் அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க எதுவும் இல்லை. காலையில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க பவதாரிணி என்று ஒரு பெண் வந்திருந்தது. என்னைப் போலத்தான், கல்லூரிப் பெண். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் காய்ச்சல், இருமல். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சிவப்பு மை விழுந்தால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். அப்புறம் நான் எப்படி இங்கே வந்து உங்களிடம் உண்மையைச் சொல்வது?

"அம்மா குளிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு என் விரலை நீட்டினேன். 98. அந்தப் பெண் போகாமல் வாசலிலேயே நின்றது. "அவங்களுக்கும் பாக்கணும்ண்ணே" என்றது. இன்னொரு கை விரலை நீட்டினேன். "எங்க ரெண்டு பேருக்கும் எப்பவுமே ஒரே அளவுதாம்மா." சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனது.

அம்மாவுக்கு வெறும் சளிதான் சார். ராத்திரி கொஞ்சம் இரைத்தது, அவ்வளவுதான். அளந்து பார்க்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.