கேட்டவர்க்கெல்லாம் பாஸ்வேர்டு

– ஏழு! அண்ணி, நம்ம வயர்லெஸ் லைன்ல இப்ப ஏழு கம்ப்யூட்டர் மிஷின் தொங்கிட்டு இருக்குது. இந்த ஆபீஸ்ல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. மீதி ஆறும் யாரோடது?

– எனக்கென்ன தெரியும், ராஜவேலு? பாண்டிச்சேரியிலேருந்து அந்த டப்பாவைக் கொண்டாந்து மாட்டினது நீ. ஒயரே வேணாம், காத்துல வரும்னு சொன்னதும் நீ. காத்துல வர்றது நம்ம வீட்டு மதிலைப் பார்த்து நின்னுடுமா?

– நிக்காது. ஆனா பாஸ்வேர்டு தெரியாம எவனும் உள்ள வர முடியாது. அது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு.

– அப்ப நீதான் யார்கிட்டயாவது உளறியிருப்ப.

– அண்ணி!

– சரி சரி, கத்தாத. கேட்டாங்க, குடுத்தேன்.

– கேட்டாங்க, குடுத்தீங்களா? யாரு கேட்டாலுமா?

– உப்பளக்காரன் வீட்டு வாசல்ல வந்து ஒரு கை உப்பு கேட்டா இல்லேன்னு அனுப்புவமா? அந்த மாதிரிதான். குடுத்தா நம்ம குவியல் குறைஞ்சா போயிடும்? அதுவும் நீ வெச்ச பாஸ்வேர்டைச் சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்குது. ஒவ்வொருத்தருக்கும் எழுதியில்ல குடுத்தேன்!

– எழுதி வேறயா!

– ஆனா ஒண்ணு. விளக்கு வெச்சப்புறம் கேட்டவங்களுக்குக் குடுக்கல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர் லாட்ஜ் மேனேஜர் வந்து நின்னாரு. பொழுது போயிடுச்சு, காலையில வாங்கன்னு சொல்லிட்டேன்.

– அதான பார்த்தேன்! புதுசா சேர்ந்த மிஷின் அத்தனையும் பகல்லதான் சேர்ந்திருக்குது. பொழுது சாஞ்சா ஒண்ணு கூட இல்ல. இப்படி ஒரு பாதுகாப்பை எந்தக் கம்பெனிக்காரனும் இன்னும் கண்டுபிடிக்கல, அண்ணி.

– கிண்டலெல்லாம் அப்புறம் வெச்சுக்க. முதல்ல லைனைச் சரி பண்ணு. அஞ்சு மணிக்குள்ள ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு நம்ம உப்பு ரேட்டு போய்ச் சேரணும். மெயில் பக்கம் திறக்கிறதுக்குள்ள நான் சோறு வடிச்சு, குழம்பும் கூட்டி இறக்கிட்டேன்.

– அண்ணன் எங்க? ரேட்டைச் சொன்னாருன்னா இப்பவே அடிச்சு வெச்சிடலாம்.

– என்கிட்டயே சொல்லல. வெளிய கசிஞ்சிடுமாம். நானே பார்த்து அனுப்பிக்கிறேன்னு மத்தியானம் கிளம்பிப் போனாரு. போன் அடிச்சா எடுக்கல. உப்பளத்துலதான் இருப்பாரு, கீத்து போட்டுக் குவியலை மூடிட்டு. வானத்தைப் பார்த்தியா நீ?

– பார்த்தேன். பொம்மையார்பாளையம் தாண்டும்போதே தூத்தல்.

– போன வருஷம் விக்காம வெச்சிருந்ததுல பாதி மழையில கரைஞ்சு ஓடிச்சு. மிச்சத்தை டிசம்பர்ல அலை வந்து வாரிட்டுப் போச்சு. இந்த ஆர்டரும் கை நழுவிச்சுன்னா அவ்வளவுதான். அளத்தை வித்துட்டு உன் கம்ப்யூட்டர் கடையைக் கூட்டிப் பெருக்க வந்துடுவேன்.

– வாங்களேன். வாசல்ல உக்காந்து வர்றவங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு எழுதிக் குடுக்கிற வேலை போட்டுத் தர்றேன்.

– வாய் மட்டும் அப்படியே உங்கம்மா வாய்.

– கம்பெனிக்காரன் எவ்வளவு கேக்கறான்?

– ஐந்நூறு டன். நம்மகிட்ட முந்நூறுதான் இருக்குது. மீதிக்கு ஒரு வழி பண்றேன்னாரு உங்கண்ணன். கூனிமேட்டுப் பக்கம் யார்கிட்டயாவது கேட்டிருப்பாரு.

– சரி, முதல்ல பாஸ்வேர்டை மாத்திடறேன்.

– மாத்து. நாளைக்குக் காலையில மறுபடி வந்து கேப்பாங்க. நான் மறுபடி குடுப்பேன்.

– குடுப்பீங்க. செஞ்சாலும் செய்வீங்க. அப்ப வேற வழி. ஒவ்வொரு மிஷினுக்கும் பொறக்கும்போதே ஒரு நம்பர் இருக்குது, உடம்புல மச்சம் மாதிரி. இந்த நம்பரை விடு, அந்த நம்பரை விடாதேன்னு டப்பாகிட்ட சொல்லி வெச்சிட்டா போதும். பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

– அட, இது நல்லா இருக்குதே! நம்ம மூஞ்சியைப் பார்த்து இல்லேன்னு சொல்ல வேண்டியதில்ல. டப்பா சொல்லிடும்.

– அதேதான். ஒவ்வொண்ணா பேரைப் படிக்கிறேன், ஆளைச் சொல்லுங்க. மேரிசெல்வி. இது யாரு, மேரிசெல்வி?

– லாட்ஜுல தங்கி சுனாமி வீடு கட்டுற இடத்துல வேலை பார்க்குது, நாகர்கோவில் பொண்ணு. அம்மாவுக்கு மெயில் போடும், வேற ஒண்ணும் தெரியாது. அதை விட்டுடு. ஏன் அந்தப் பேரை மட்டும் ரெண்டு தடவை படிக்கிற?

– எழுத்து சின்னதா இருக்குது, அண்ணி.

– ம்ம். இருக்கும், இருக்கும்.

– அடுத்தது மாயவன்.

– அதான் லாட்ஜ் மேனேஜரு. மறுநாள் காலையில வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு.

– இவருதான் லைனை மொத்தமா குடிக்கிறாரு! நேத்துலேருந்து சினிமாப் படமா இறக்கிட்டு இருக்காரு. அதுவும் இல்லாம, லாட்ஜ் ரூம் பேரு போட்டு இன்னும் மூணு மிஷின். வர்ற போற ஆளுக்கெல்லாம் இவரு உங்க பாஸ்வேர்டைப் பந்தி வெச்சிருக்காரு.

– அடப்பாவி! ஓனருக்குக் கணக்கு அனுப்பணும், ஒரே ஒரு தடவைன்னு கையைப் பிடிக்காத குறையா கேட்டாரே!

– ஒரு கை உப்பு கேட்டவரு லாரியோட வந்துட்டாரு.

– வெட்டு. நாலையும் வெட்டு. இதுல பாவமே இல்ல.

– வெட்டியாச்சு. கடைசியா ஒண்ணு நிக்குது. பஞ்சநாதன்.

– அந்தாளு சம்சாரம் பொன்னம்மா கேட்டுது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, மருமகன் லேப்டாப் குடுத்திருக்காருன்னு ஆசையா கேட்டுது.

– பக்கத்து வீட்டுப் பஞ்சநாதன்! அளத்து வரப்பை நகத்திட்டான்னு அண்ணன் ரெண்டு வருஷமா முகம் குடுத்துப் பேசாத பஞ்சநாதன்!

– சண்டை உங்கண்ணனுக்கும் அந்தாளுக்கும். எனக்கும் பொன்னம்மாவுக்கும் கருவேப்பிலை இன்னிக்கும் மதில் மேல போய் வந்துட்டுதான் இருக்குது.

– கருவேப்பிலையோட பாஸ்வேர்டும் போயிருக்குது. அண்ணனுக்குத் தெரியுமா?

– தெரிஞ்சா சும்மா விடுவாரா? சொல்லித் தொலைச்சிடாத.

– நான் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவரு உப்பும் குவிஞ்சுதான் கிடக்குது. இதே ஆர்டருக்கு அவரும் ரேட்டு அனுப்புவாரு, நம்ம லைன்லயே. இதோ, இப்பவும் அந்த மிஷின் எதையோ அனுப்பப் பார்க்குது. மாயவன் புண்ணியத்துல இத்தனை நேரம் நகரல. அவரைத் தூக்கியாச்சா, இனிமே சர்ருன்னு போயிடும். இப்பவே அடைச்சாத்தான் உண்டு.

– குடுத்துட்டுப் பிடுங்கறதா? பொன்னம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

– அஞ்சு மணி வரைக்கும்தான், அண்ணி. அப்புறம் திறந்துடலாம். மழை, இடி, லைன் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.

– அந்த வீட்டுலயும் மழைக்கு முன்னாடி விக்கணும்னுதான இருப்பாங்க.

– இருப்பாங்க. உங்க பொண்ணு நிவேதா காலேஜ் போக வேணாமா? நீங்க பாவம் பார்த்தா யாரு உப்பு போகும் ராணிப்பேட்டைக்கு?

– ...எந்தப் பட்டன்?

– நகருங்க, நான் அழுத்தறேன்.

– வேணாம். குடுத்தது நான். அடைக்கிறதும் நானே அடைக்கிறேன். இதுவா?

– அதான்.

– அழுத்திட்டேன்.

– ஆங்! இப்ப மெயில் பக்கத்தைத் திறந்து பாருங்க. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வருதா? அண்ணன் வந்து ரேட்டை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஏன் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிறீங்க? நாளைக்கு ரெண்டு கொத்து கருவேப்பிலை சேர்த்துக் குடுத்துடுங்க.

– பேசாத, போன் அடிக்குது. அலோ! எங்கங்க இருக்கீங்க? மணி என்ன ஆவுது?... லைனா? இங்க பறக்குதே... என்னங்க? யாரு வீட்டுலேருந்து?... ரெண்டு பேரு குவியலையும் சேர்த்தா?... நான் என்னங்க சண்டைக்கா வரப்போறேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?... இருங்க, வெச்சிடாதீங்க, அந்த மிஷினை விட்டு எழுந்துடாதீங்க.

– என்ன அண்ணி? அண்ணன் வர்றாரா, இல்லையா?

– வரல. பஞ்சநாதன் மிஷினைச் சீக்கிரம் திறந்து விடுடா. ஐந்நூறு டன்னுக்கும் ஒரே ரேட்டா அடிச்சு வெச்சுட்டு, போக மாட்டேங்குதேன்னு அது முன்னாடி உக்காந்து தட்டிட்டு இருக்கிறது உங்கண்ணன்.