பதினேழாவது தேங்காய்

இல்லை அங்கிள், நீங்கள் பிழையா எழுதேல்லை. பேர் அதுதான். ஹார்லன் சிற்றி ஹெரன்ஸ். ஆள் இல்லை, ரீம். அமெரிக்கன் ஃபுட்போல் ரீம். ஹெல்மெற்றும் போட்டு, தோளில தலகாணி கட்டின மாதிரி வந்து ஆளையாள் இடிச்சு விழுத்துவாங்களே, அது. ஹெரன் எண்டா நாரை. அவங்கட தொப்பியில ஒற்றைக்காலில ஒரு நாரை நிக்கும்.

ஏன் ஏலாது? ஒரு அர்ச்சனை ரிக்கற்தானே கேக்கிறன், கோயிலை எழுதித் தரச் சொல்லிக் கேக்கேல்லையே. ஆக்களின்ர பேருக்கு மட்டும்தானோ? அப்ப போன மாசம் வாசல்ல ஒரு புதுக் காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைச்சு எல்லாம் செய்தனீங்கள், நான் என்ர கண்ணால கண்டனான். காருக்கு என்ன நட்சத்திரம்? ஓ, சொந்தக்காரரின்ர நட்சத்திரம். சரி, அது நல்ல பதில். ஆனா ஹெரன்ஸின்ர சொந்தக்காரற்ற பேரில வேணாம் அங்கிள். இவ்வளவு அழிவுக்கும் அந்த மனுசன்தான் காரணம். அவற்ற பேரைச் சொன்னா பிள்ளையார் முகத்தைத் திருப்பிக்கொண்டிடுவார்.

நட்சத்திரம் இருக்கு. நான் வெறுங்கையோட வருவனோ? ரீம் தொடங்கின திகதியைத் தேடி எடுத்து, போனில பஞ்சாங்கத்தில போட்டுப் பாத்தனான். கேட்டை. விருச்சிக ராசி. சிரிக்காதேங்கோ. சரி, சிரியுங்கோ, நானும் பஸ்ஸுக்குள்ள இருந்து சிரிச்சனான். ஸ்ட்ரெதத்தில இருந்து ஐம்பத்தேழாம் நம்பரில வாறன், பக்கத்தில இருந்த மனிசி எழும்பி வேற சீற்றுக்குப் போட்டா.

வரிசையோ? எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை, பாத்திட்டுத்தான் கதைக்கிறன். சட்டம் படிக்கிற பிள்ளை அங்கிள் நான், மூண்டாம் வருசம். நியாயம் இல்லாமல் ஒருத்தரையும் மினக்கெடுத்த மாட்டன். ஆறு மணிக்குப் போட்டி துவங்குது. இந்த வருசத்துக் கடைசிப் போட்டி. பதினேழாவது. மற்றப் பதினாறிலயும் தோத்திட்டாங்கள். ஓம், பதினாறிலயும். ஒரு சமநிலை கூட இல்லை. என்ர முழு வாழ்க்கையும் இப்ப அந்தப் பதினேழாவதில தொங்குது.

ஐயோ இல்லை அங்கிள், பாவம் அவங்கள் ஒண்டெண்டாலும் வெல்லட்டும் எண்டு கேக்க வரேல்லை. தோக்கோணும் எண்டு கேக்க வந்தனான்.

பேனையை மூடாதேங்கோ! ஒருத்தருக்கும் கெடுதல் கேக்கேல்லை, முழுக்கக் கேளுங்கோ. அங்கத்தை முறை என்னெண்டா, எல்லாருக்கும் கடைசியா வாற ரீமுக்குத்தான் அடுத்த வருசம் புதுசா வாற பெடியளுக்குள்ள முதல் ஆளைப் பொறுக்கிற உரிமை. கடைசியா வந்தவனுக்கு முதல் பந்தி. அப்ப இண்டைக்குத் தோத்தா அவங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வெண்டா? பதினேழில ஒண்டு. அதை என்ன, ஃபிரேம் போட்டுச் சுவரில மாட்டுறதோ?

எனக்கு என்ன நல்லதோ? சொல்லுறன். முதல்ல நீங்கள் ஒரு விசயம் ஒத்துக்கொள்ளோணும். செப்டெம்பர் துவக்கம் ஞாயிற்றுக்கிழமையள் விடிய ஒருத்தர் இஞ்ச வந்து அர்ச்சனை செய்யிறவர். நீலத் தொப்பி, நாரைப் படம். ஐயர் ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழட்டச் சொல்லியிருப்பார். ஆ, பாத்தீங்களே, தெரியுது! அவர் சபாரத்தினம். என்ர அப்பா. நான் சிவரூபினி.

என்னது, தன்ர பேரிலயோ செய்தவர்? கள்ளம். தன்ர பேரைக் குடுத்துப்போட்டு மனசுக்குள்ள ஹெரன்ஸைச் சொல்லியிருக்கிறார். நான் உங்களிட்ட உண்மையைச் சொல்லி எழுதச் சொல்லுறன், எனக்குத்தான் ஏலாது எண்டுறீங்கள்.

வீட்டிலயும் சொல்லிப்போட்டு வரேல்லை. ரூட்டிங்கில மரக்கறி வாங்கப் போறன் எண்டு வெளிக்கிடுவார். திரும்பி வரேக்க கையில ஒரு கத்தரிக்காய் இல்லை. நெத்தியில திருநீறு, பையில தேங்காய்ப் பாதி ரெண்டு. பதினாறு தரம்! இடியப்பத்துக்குச் சொதி, புட்டுக்குச் சம்பல், பாணுக்குச் சம்பல், மிச்சம் திருவி ஃபிரீசர் முழுக்கத் தேங்காய்ப்பூ. அம்மா ஒரு நாள் கேட்டா, இஞ்சேருங்கோ, மரக்கறிக் கடையில இப்ப தேங்காய் மட்டுந்தான் விக்கிறாங்களோ எண்டு. எங்கட அம்மா தவநாயகியைப் பேக்காட்டி ஏமாத்த ஏலாது அங்கிள். அவவுக்கு முதல் தேங்காயிலயே விளங்கியிட்டுது.

அப்பாவுக்கு இந்த வருத்தம் எப்பிடிப் பிடிச்சதெண்டா, அவர் பஸ் ஓடுறவர். பத்து வருசத்துக்கு முதல் ஹெரன்ஸ் லண்டனுக்கு விளையாட வந்தவங்கள். டிப்போவில ஒருத்தர் போக ஏலாமல் தன்ர ரிக்கற்றை அப்பாவிட்டக் குடுத்திட்டார். நல்ல மழை, அப்பாவுக்கு ஒரு விதி தெரியாது, ஆனா ஹெரன்ஸ் வெண்டிட்டாங்கள். வாசல்ல சும்மா குடுத்த தொப்பியோட வந்தார். அண்டையில இருந்து எங்கட வீட்டுச் சாமி அறையில மட்டும்தான் நாரை இல்லை.

இந்த வருசம் அவங்கள் தோத்த வடிவை நீங்கள் பாத்திருக்கோணும். முதலாவது, கடைசி செக்கனில பந்தை உதைச்சவன் நேர கம்பத்தில அடிச்சான். சரி, நடக்கிறதுதானே. மூண்டாவதுக்கு முதல் நாள், பந்து எறியிறவன், அவன்தான் முழு ரீமுக்கும் மூளை, வீட்டுப் படியில மகளின்ர விளையாட்டுக் காரை மிதிச்சுக் கணுக்காலை முறிச்சுப்போட்டான். அடுத்த ஆள் வந்தான். அவனும் நல்லாத்தான் எறிஞ்சான், மற்ற ரீமுக்கு. ஏழாவதில ஒருத்தன் பந்தோட தனிய ஓடுறான், முன்னால ஒரு குருவி கூட இல்லை. கோட்டுக்கு ஒரு அடி இருக்க, வெண்டிட்டம் எண்டு பந்தைக் கீழ போட்டிட்டு ஆடத் துவங்கியிட்டான். கோடு தாண்டேல்லை அங்கிள்! மற்றவன் வந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு போட்டான். அப்பா எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய், கோடு இஞ்ச இருக்கடா எண்டு அந்தப் பெடியனுக்கு விரலால தொட்டுக் காட்டினார்.

பிறகு பயிற்சியாளரைக் கலைச்சாங்கள். புதுசா வந்தவர் புல்லில பிழை எண்டார். சொந்தக்காரர் புல்லை மாத்தினார். புதுப் புல்லிலயும் தோத்தாங்கள். அங்கத்தைச் சனம் வெக்கத்தில கடதாசிப் பையைத் தலையில கவிட்டு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை வெட்டிக்கொண்டு வந்து இருந்தது. அம்மா அதைப் பாத்திட்டு, குசினிக்க போய் ஒரு கடைப் பையைக் கொண்டந்து அப்பாவின்ர மடியில வைச்சா. பக்கத்தில கத்திரிக்கோலும் வைச்சா.

ஓம், இப்ப கேக்கிறீங்கள். தகப்பன் வெல்லச் சொல்லித் தேங்காய் உடைக்கிறார், மகள் ஏன் தோக்கச் சொல்லி வாறாள். நல்ல கேள்வி. செப்டெம்பர் முதல் கிழமை பாலாம்பிகை மாமியின்ர வீட்டில பிறந்தநாள். நான் ராம்கியைக் கூட்டிக்கொண்டு போனனான். ஃபிரண்ட் எண்டுதான் சொன்னனான். அப்பிடிப் பாக்காதேங்கோ. இந்தியாப் பெடியன், வீடு ரெய்னர்ஸ் லேனில, தாயும் தகப்பனும் டொக்டர்மார். அப்பாவின்ர முதல் கேள்வி, தம்பி மீன் சாப்பிடுவீரோ? ராம்கி சொல்லுறான், முட்டை வரைக்கும் வந்துட்டேன் அங்கிள். அப்பா கணவாய்க் கறியோட இருந்தவர், கோப்பையை மற்றக் கைக்கு மாத்திக்கொண்டார், தொட்டிடுவான் எண்ட மாதிரி.

அதோடயாவது விட்டானோ? அவன் புள்ளிவிபரம் படிச்சவன், எதைக் கண்டாலும் கொம்பியூட்டரில போட்டுக் கணிப்பான். அப்பாவைக் குளிர வைக்கிறன் எண்டு ஹெரன்ஸைப் பற்றி ரெண்டு நாள் இருந்து படிச்சுக்கொண்டு வந்திருக்கிறான். நல்லதாச் சொல்லடா எண்டு நான் மேசைக்குக் கீழால காலை மிதிக்கிறன். அவன் சொல்லுறான், அங்கிள், நான் மாடல் போட்டுப் பார்த்தேன், உங்க டீம் இந்த வருஷம் ஒரு மேட்ச் கூட ஜெயிக்காது. ஆமா அங்கிள், ஒண்ணு கூட.

கேக் வெட்ட வந்த பிள்ளை கத்தியோட அப்பிடியே நிக்குது. அப்பா எழும்பி, பதினைஞ்சு பேருக்கு முன்னால சொன்னார், தம்பி, என்ர நாரையள் பதினேழும் தோத்தா என்ர மகளை நானே உமக்குக் கட்டித் தாறன், அதுவரைக்கும் இந்தக் கதை என்ர வாசலுக்கு வரக்கூடாது எண்டு. ஃபிரண்ட் எண்டுதானே சொன்னனாங்கள்? மனுசனுக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்திருக்கு.

ஒருக்காலும் இல்லை எண்டதைத்தான் அப்பிடிச் சொன்னவர். அது எனக்கும் தெரியும். ஆனா வாக்கு வாக்குத்தானே? சாட்சி பதினைஞ்சு பேர், அதில மூண்டு பேர் வீடியோ எடுத்தவை.

பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் நானும் அவரும் ஒரே சோபாவில. அவர் வெல்லச் சொல்லி இருக்கிறார், நான் தோக்கச் சொல்லி. ஆளையாள் பாக்கிறேல்லை. ஆனா பன்னிரண்டாவதில ஒரு விசயம் நடந்தது. பந்து எறிய மூண்டாவதா ஒருத்தன் வந்தான், போன வருசம் வரைக்கும் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுத்தவனாம். பயந்து பயந்து எறியிறான், பாவம். என்னை அறியாமல் நான் எழும்பி, ஓடடா ஓடடா எண்டு கத்திப்போட்டன். அப்பா திரும்பி என்னைப் பாத்தார். அண்டைக்கும் தோத்தாங்கள். அவர் தன்ர வடையைப் பிச்சு அரைவாசியை எனக்குத் தந்தார்.

கலியாணத்தைச் சும்மா போய்ப் பதியிறதோ? பதியலாம் அங்கிள். வயசு இருக்கு, சட்டம் இருக்கு, எந்தக் கவுன்சில் ஒஃபீஸ், எத்தினை மணிக்குத் திறப்பினம், எல்லாம் தெரியும். ஆனா அப்பா வராத கலியாணம் எனக்கு வேணாம். ஊர் முழுக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டார், இப்ப இறங்கி வர ஏலாது அவரால. ஓம் எண்டு சொல்ல அவருக்கு ஒரு சாட்டு வேணும். சாட்டில பதினாறு வந்திட்டுது. ஒண்டுதான் மிச்சம். அதுக்குத்தான் வந்தனான்.

வீட்டில சும்மா விடுவினம் எண்டு நினைக்கிறீங்களோ? வியாழக்கிழமை அம்மா புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டு, சும்மா கேக்கிற மாதிரிக் கேக்கிறா, அந்தப் பெடியன்ர நட்சத்திரம் என்ன எண்டு. ஏன்? பொருத்தம் இல்லை எண்டு வெட்டிவிடத்தானே? சட்டம் படிக்கிற பிள்ளையிட்ட அந்த விளையாட்டோ? வாயே திறக்கேல்லை நான்.

இண்டைக்கு விடியவும் வந்தவர்தானே? தெரியும். பதினேழாவது தேங்காய். சபாரத்தினம், பூராடம், அதுதானே...

இல்லையோ? அப்ப ஆற்ற பேரில?

அந்தப் புத்தகத்தைத் திருப்புங்கோ பாப்பம். கொப்பி ரிக்கற்றைக் காட்டுங்கோ.

சிவரூபினி, அத்தம். அது நான். அதுக்குக் கீழ...

ராம்கி. நட்சத்திரம் எழுதிற இடம் வெறுமையாக் கிடக்கு. நீங்கள் கேக்கேல்லையோ? கேட்டனீங்களோ? என்ன சொன்னவர்? வீட்டில கேட்டுப் பாத்தவையாம், பிள்ளை சொல்லேல்லையாம்.

ஒண்டுமில்லை அங்கிள். கற்பூரப் புகை கண்ணுக்க போட்டுது. கொளுத்தேல்லையோ இன்னும்? சரி, அப்ப தூசி.

பேனையைத் தாங்கோ, நானே எழுதுறன். முழுப்பேர் ராமகிருஷ்ணன். உத்தரட்டாதி. மீன ராசி. ஓம், மீன ராசியேதான். அதை அப்பாவுக்கு நானே சொல்லுறன், கொஞ்சம் ஆறுதல்படுவார். ஐயரைத் திரும்பவும் ஒருக்காச் செய்யச் சொல்லுங்கோ, இந்த முறை ரெண்டு பேருக்கும் நட்சத்திரத்தோட. கெதியாச் செய்யச் சொல்லுங்கோ, அஞ்சாகப் போகுது, நான் ஆறுக்கு முதல் சோபாவில இருக்கோணும். அந்த நாரையள் விழுகிறதை அப்பா தனிய இருந்து பாக்க மாட்டார்.

ஹெரன்ஸின்ர ரிக்கற்றோ? வேணாம் அங்கிள், கிழிச்சுப் போடுங்கோ. தோக்கிறதை அவங்கள் தாங்களே வடிவாப் பாத்துக்கொள்ளுவாங்கள். அதுக்கு ஏன் பிள்ளையாரை மினக்கெடுத்துவான்?