ஆரஞ்சுத் தூள்

வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்குகிறவர்கள் ஸ்கிரீனில் தடவ எந்த எமல்ஷன் பசை வாங்குவது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு டயசோ வகையை வாங்கச் சொல்வேன். ஒருமுறை கலந்தால் மாதக்கணக்கில் கெடாது. வெளிச்சம் காட்டும்போது ஒரு நிமிடம் கூடக் குறைய ஆனாலும் சமாளித்துக்கொள்ளும். கற்றுக்குட்டிகளின் அசட்டுத்தனத்தையெல்லாம் அது பொறுத்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இருபத்திரண்டு வருடமாகப் பனியனில் படம் அச்சடிக்கும் பட்டறையில் ஸ்கிரீன் போடுகிறவன் நான். என் தங்கையின் கணவர் மூன்று நாள் வீடியோ பார்த்தவர். தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டார். ஒரு மதியம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இதுல என்ன மச்சான் இருக்கு? சட்டத்துல துணியைக் கட்டி, பசையைத் தடவி, லைட்டைக் காட்டுனா முடிஞ்சுது. இதைப் போயா இத்தனை வருஷமா தேச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்குப் புரையேறிவிட்டது, அவ்வளவு சிரிப்பு. எனக்கு அவமானமாக இருந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

கை கழுவும் இடத்தில் அவரே வந்து, எந்த எமல்ஷன் வாங்கலாம் என்று கேட்டார். வீடியோவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். "வாங்கவே வேணாம் மாப்பிள்ளை, நான் தர்றேன்" என்றேன்.

எங்கள் பட்டறையில் பழைய காலத்து டைகுரோமேட் தூள் மிச்சமிருந்தது. ஆரஞ்சு நிறம், பார்க்க அழகாக இருக்கும். பசையில் கலந்தால் நன்றாகவே வேலை செய்யும், அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் விஷம். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகிக் குழி விழும். மூச்சில் போனால் நெஞ்சு கெடும். எங்களோடு வேலை பார்த்த ஒருவருக்கு விரல் போன பிறகு முதலாளி அதை நிறுத்திவிட்டு, முறைப்படி அப்புறப்படுத்தும் பொறுப்பை என்னிடம் விட்டார். நான் அப்புறப்படுத்தவில்லை.

மண்டை ஓடு போட்ட லேபிளை ஊறவைத்துச் சுரண்டிவிட்டு ஒரு டப்பாவை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். இதில் இன்னொரு வசதி உண்டு. கலந்தது மறுநாளே கெட்டுவிடும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். "கிளவுஸ் போடணுமா மச்சான்?" என்றார். "பதம் கையில தெரியணும் மாப்பிள்ளை. கிளவுஸெல்லாம் வீடியோவுல நடிக்கிறவங்களுக்கு" என்றேன். எல்லாம் தெரிந்த மனிதர், டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்க மட்டும் தெரியவில்லை.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. பேசுகிறவர் அவர், வேலை செய்கிறவள் தங்கை. மூன்றாம் வாரம் போனபோது மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டிப் போனில் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை வெளிச்சம் படாமலிருக்கக் குளியலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெறும் கையால் கலக்கிக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் மஞ்சள். "வாண்ணே" என்பதற்குள் இரண்டு முறை இருமினாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஒரு பனியனை எடுத்து விரித்தாள். "உங்க முதலாளிகிட்ட கொண்டுபோய்க் காட்டுனோம்ணே. ஓரமெல்லாம் என்ன சுத்தம், உங்க அண்ணன் கையிலகூட இப்படி வராதுன்னாரு."

உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டேன். தங்கை டீ போட்டுத் தந்தாள். அந்தக் கையால் போட்டது என்பதால் நான் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் வலது கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். டாக்டர் ஏதோ அலர்ஜி என்று களிம்பு கொடுத்தாராம். "பெரிய ஆர்டர்ணே, தூள் தீர்ந்துபோச்சு. இன்னொரு டப்பா கிடைக்குமா?" என்றாள். அதற்கும் லேபிளைச் சுரண்டிவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று விரலை எடுத்துவிட்டார்கள், நெஞ்சு தேறுமா என்று தெரியாது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். கூடப் பிறந்தவள்மேல் அப்படி என்ன பகை என்றும் கேட்கிறீர்கள். பகையெல்லாம் இல்லை. சின்ன வயதிலிருந்து என் தங்கை வாய்விட்டு ஒன்று கேட்டு, நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.