ஹெந்தளைப் பெட்டி எழும்பின நாள்

— கையை எடுங்கோ ஹெக்டர் அண்ணை! நான் சொல்லுமட்டும் சுவிச்சைப் போடாதேங்கோ.

— ஹரி, சரி, எடுத்துட்டேன் சுபோதினி தங்கச்சி. ஆனா சுருக்கா சொல்லுங்க. இங்க ஹெந்தளை மீனவர் சங்கத்து ஹோல்ல நிக்க இடமில்ல. போட்காரங்கட பொஞ்சாதிமார் எல்லாம் வந்து நிக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள புயல்னு ரேடியோவில சொன்னதில இருந்து ஒருத்தரும் வீட்டுக்குப் போகல்ல.

— எத்தினை போட் வெளியில நிக்குது?

— முப்பத்தொண்ணு. எல்லாம் ஆழ்கடல்ல, போன் எடுக்காது. இந்தப் பெட்டி சாட்டிலைட் வழியா 'திரும்பி வாங்க'ன்னு கூப்பிட்டாத்தான் அவங்களுக்குத் தெரியும். அது செத்து இருபது நாளாச்சு. செஞ்ச கம்பனியையும் மூடிட்டான். ஹாபர்ல முப்பது வருஷம் ரேடியோ திருத்தின எனக்கே பயமா இருக்கு.

— எனக்கும்தான். வெள்ளவத்தையில குந்திக்கொண்டு ஃபைலை அனுப்பிப்போட்டு, போனில கேட்டுக்கொண்டு இருக்கிறதை விட வேற என்ன செய்ய? மெமரி காட்டைப் போட்டிட்டீங்களோ?

— போட்டாச்சு. மூணு தரம் போட்டு, மூணு தரமும் ஸ்கிரீன் கறுப்பாத்தானே நின்னுச்சு. இந்தத் தரம் மட்டும் என்ன வித்தியாசம்? கோவிக்காதீங்க, இவங்க கேக்கிறாங்க. நான் என்னத்த சொல்ல?

— இதைச் சொல்லுங்கோ. உந்தப் பெட்டியின்ர சிப் பழசு. அதுக்குள்ள ஒரு வேலை மற்ற வேலைக்கு ஒரு இலக்கத்தைக் குடுக்கேக்க, எந்த இடத்தில வைச்சுக் குடுக்கிறது எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு. ABI எண்டு சொல்லுறது. உதின்ர ஒழுங்கை இப்ப உலகத்தில பெரிசா ஒருத்தரும் பாவிக்கிறேல்லை.

— ஹரி, சொல்லுங்க.

— பெட்டியை எழுப்பி நடத்திற கேர்னலை நான் புதுசாக் கட்டவேணும். கட்டமுதல், அதைச் செய்து தாற கொம்பைலரிட்ட 'உனக்கு இந்த ஒழுங்கு தெரியுமோ' எண்டு ஒருக்கா கேக்கிறது. கேட்டனான். ஓம் எண்டுது.

— அப்ப என்ன கரைச்சல்?

— பொய் சொன்னது அண்ணை! பேர் மட்டும்தான் அதுக்குத் தெரியும். பாதியை எங்கட ஒழுங்கில எழுதிச்சுது, மிச்சத்தை எல்லாரும் பாவிக்கிற ஒழுங்கில எழுதிப்போட்டுது. ஒருத்தன் வலப்பக்கத்தில வைக்கிறான், மற்றவன் இடப்பக்கத்தில தேடுறான்.

— கறுப்பு ஸ்கிரீன்!

— ஓம். அதைப் பிடிக்க எனக்கு ஒன்பது நாள் போனது. இப்ப நான் கேக்கிறேல்லை. முதல்ல ஒரு சின்னத் துண்டை எழுதுவிச்சு, பிரிச்சுப் பாக்கிறன். பிழையெண்டா கேர்னல் கட்டுறதே நிண்டுபோம். கொம்பைலரில இல்லாத பங்கையும் நானே எழுதிச் சேர்த்தனான்.

— அந்தக் கொம்பைலர் ஆக்கள் விட்டாங்களா?

— லேசில விடேல்லை. 'இதை ஆர் பாவிக்கினம், தூக்கி எறிவம்' எண்டு எழுதினவங்கள். எனக்கு வந்த கோவத்துக்கு, உங்கட முப்பத்தொரு போட்டின்ர பேரையும் வரிசையா எழுதி அனுப்பினனான்.

— அப்படிப் போடுங்க! என்ன சொன்னான்?

— நேற்றுப் பின்னேரம் ஏற்றுக்கொண்டிட்டாங்கள். இனி ஆர் அந்தக் கொம்பைலரை எடுத்தாலும் நான் எழுதினதும் சேர்ந்துதான் போகும். சரி, இப்ப போடுங்கோ அண்ணை.

— யேசுவே... போட்டுட்டேன்.

— என்ன தெரியுது?

— கறுப்பு. கறுப்புத்தான் தங்கச்சி.

— பொறுங்கோ. கையை வைக்காதேங்கோ. பத்துச் செக்கன்.

— தங்கச்சி... எழுத்து வருது! அனே ஆண்டவரே, எழுத்து வருது! ஓடுற ஓட்டத்தில வாசிக்க ஏலாது!

— கடைசி வரியை மட்டும் வாசியுங்கோ!

— ரெடி! 'ரெடி'ன்னு போட்டு நிக்குது! கேக்குதா சத்தம்? கதிரைல ஏறி நின்னு கத்துறாங்க!

— கேக்குது, கேக்குது, கத்தட்டும். நீங்கள் முதல்ல போட்டுகளைக் கூப்பிடுங்கோ.

— கூப்பிட்டாச்சு... இந்தா, பதில் வருது! ஒண்ணு. ரெண்டு, மூணு. இது றேணுகாட புருஷன்ட போட், அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. ஒன்பது. பதினாலு...

— எண்ணுங்கோ, விடாதேங்கோ!

— இருபத்தெட்டு. முப்பது. முப்பத்தொண்ணு! எல்லாவனும் திரும்புறான்! தங்கச்சி... அழுறீங்களா?

— இல்லை, சிரிக்கிறன். ரெண்டும்தான்.

— இருங்க. இன்னொண்ணு வருது. முப்பத்திரண்டு.

— முப்பத்தொண்டுதானே வெளியில? பழைய பதில் ஏதும் எங்கையாவது தங்கிக்கிடந்து வந்திருக்கும்.

— இல்ல. இப்ப கூப்பிட்டதுக்குத்தான் பதில். போட்ல ஒரு ஆள் கையால பட்டன அமத்தினாத்தான் இது வரும்.

— அப்ப ஆற்ற போட் அது? பேரை வாசியுங்கோ அண்ணை!

— காணாமப்போன நிக்கலஸ்ட போட், தங்கச்சி. போன ஞாயித்துக்கிழமை நாங்க அவன்ட ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்குடுத்துட்டோம்.